அட்டைச் சட்டை

அத்தியாயம் 9

“பாஸ், இந்தக் கண்டென்சர் பல் விளக்கியிருக்கு” என்றாள் பட்டாசு.

இன்ஸ்பெக்டர் முகம் சுளித்தார். சாவு நடந்த அறையில் இப்படியா பேசுவது என்று அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை, அவ்வளவுதான். பட்டாசு என்பது அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் இல்லை. துப்பறியும் ஆபீசில் உதவியாளராகச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவள் வாய் அவளுக்குச் சம்பாதித்துக் கொடுத்தது. பதிலுக்கு அவள் முதலாளியை பாஸ் என்று கூப்பிடப் போய், வருகிறவர் போகிறவர் எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அவருடைய சொந்தப் பெயர் இப்போது வீட்டு வாசல் பலகையில் மட்டும்தான் இருக்கிறது.

பாஸ் மேஜை மேல் குனிந்து முகர்ந்து பார்த்தார். லேசாகப் புதினா வாசனை. மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற, அலுமினியக் குப்பி போலிருந்த அந்தக் கண்டென்சரின் விளிம்பில், விரல் புகாத இடுக்கில், டூத்பேஸ்ட் வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

“மெக்கானிக்குங்க பேஸ்ட் போட்டுத்தான் அலுமினியத்தைப் பளபளப்பாக்குவாங்க. இதெல்லாம் ஒரு துப்பா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“எங்களுக்குக் கிடைக்கிறது இந்த மாதிரி துப்புதான் சார். அதனாலதான் எங்க அம்மா என்னைத் துப்பு கெட்டவன்னு திட்டுறதையே விட்டுட்டாங்க” என்றாள் பட்டாசு. “கெட்டவள்னு திருத்திக்கிட்டாங்க.”

மாடியில் இருந்த சின்னப் பட்டறை அது. ஜன்னலோரம் நீள மேஜை, சுவர் முழுக்கச் சுருட்டித் தொங்கவிட்ட வயர்கள், உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் பள்ளம் விழுந்த ஸ்டூல். மேஜை நடுவில் அந்த வால்வு ஆம்ப்ளிஃபயர். சேசிஸ் என்று சொல்கிற தட்டையான இரும்புப் பெட்டி, அதன் முதுகில் பழைய ரேடியோவில் இருப்பது மாதிரி நான்கு கண்ணாடி வால்வுகள், ஒரு டிரான்ஸ்ஃபார்மர், ஓரமாக இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டு கண்டென்சர்கள். ஒன்று மொட்டையாக மின்னியது. இன்னொன்று பழுப்பு அட்டையில் செய்த குழாய் ஒன்றைச் சட்டையாகப் போட்டிருந்தது. இந்த மேஜைக்கு முன்னால்தான் போன வாரம் மெக்கானிக் விழுந்து கிடந்தார். தூக்கும்போதே உயிர் இல்லை.

அவருடைய மனைவியின் தம்பி, அவரோடு இதே அறையில் வேலை பார்த்தவன், லாக்கப்பில் இருந்தான். நாளைக் காலை கொலைக் குற்றத்துக்காகக் கோர்ட்டில் நிறுத்தப் போகிறார்கள். கைது செய்ததிலிருந்து அவன் வாயே திறக்கவில்லை. பாஸைத் தேடி வந்தது மெக்கானிக்கின் மனைவி. தெருவே அவளை அக்கா என்றுதான் கூப்பிடும். எங்கள் வீட்டுக்காரரைக் கொன்றது யார் என்று எனக்குத் தெரிய வேண்டும், அது என் தம்பி என்றால் அதையும் நீங்கள்தான் என் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டு, கண்ணில் ஒரு சொட்டு இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். புருஷனை இழந்தவள், கூடப்பிறந்தவனையும் இழக்கத் துணிந்து வந்திருக்கிறாளே என்று பட்டாசு நினைத்துக்கொண்டாள். அன்று அவள் வாயிலிருந்து ஒரு ஜோக்கும் வரவில்லை.

இன்ஸ்பெக்டர் கேஸை விரல் நுனியில் வைத்திருந்தார். மின்சார நிபுணர் சொல்லிக் கொடுத்ததை மனப்பாடமாக ஒப்பித்தார். இந்த வால்வுகளுக்கு முந்நூற்றைம்பது வோல்ட் வேண்டும். அதைத் தருகிற பெரிய டிரான்ஸ்ஃபார்மர் கிடைக்கவில்லை. கையில் இருந்தது நூற்றிருபத்தைந்து வோல்ட் கொடுக்கிற சின்னது. அதை வைத்தே வேலையை முடிக்க ஒரு குறுக்கு வழி உண்டு. வோல்டேஜ் டபுளர்.

“டபுள்னா எனக்கு டபுள் ஆம்லெட்தான் தெரியும். கொஞ்சம் இறங்கி வந்து சொல்லுங்க சார்.”

“லைன்ல வர்ற மின்சாரம் ஏறி இறங்கி ஏறி இறங்கி வருதில்ல? ஏறும்போது ஒரு கண்டென்சரை நிரப்பும். இறங்கும்போது இன்னொண்ணை நிரப்பும். நடுவுல ரெண்டு டயோடு நின்னு, நீ இந்தப் பக்கம் போ, நீ அந்தப் பக்கம் போன்னு வழி பிரிச்சு விடும். அப்புறம் ஒருத்தன் தோள்ல ஒருத்தன் ஏறி நிக்கிற மாதிரி ரெண்டையும் வயர்ல அடுக்கிட்டா உயரம் ரெட்டிப்பு. நூத்தியிருபத்தஞ்சுங்கறது சராசரிக் கணக்குதான், உச்சியில அது நூத்தியெழுபத்தஞ்சைத் தொடும், ரெண்டு அடுக்கு சேர்ந்தா முந்நூத்தியம்பது.”

பட்டாசு யோசித்தாள். “அப்போ மேல நிக்கிறவனுக்குக் கால் தரையில இல்ல.”

“விஷயமே அதுதான்மா” என்றார் இன்ஸ்பெக்டர், முதல் தடவையாக மரியாதையோடு. சாதாரண ஆம்ப்ளிஃபயரில் கண்டென்சரின் அலுமினிய உடம்பு சேசிஸோடு ஒட்டித்தான் இருக்கும். தொட்டால் ஒன்றும் செய்யாது. டபுளரில் கீழே நிற்கிறவன் அப்படியே சாது. ஆனால் மேலே நிற்கிறவனின் உடம்பிலேயே நூற்றெழுபது வோல்ட்டுக்கு மேல் ஏறியிருக்கும். ஒரு கை அதிலும் மறு கை சேசிஸிலும் பட்டால் நெஞ்சு வழியாகப் பாய்ந்துவிடும். வெளிப் பார்வைக்கு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே மாதிரி நிற்பதால்தான், ஷாக் அடிக்கிறவனுக்கு மட்டும் அட்டைச் சட்டை மாட்டுவார்கள். சட்டை போட்டவனைத் தொடாதே, மொட்டையாக நிற்கிறவனைத் தொடலாம். அவ்வளவுதான் சட்டம்.

இங்கே சட்டை ஆள் மாறியிருந்தது. சாது சட்டை போட்டுக்கொண்டு நிற்க, எமன் மொட்டையாக நின்றான்.

மெக்கானிக்குக்கு ஒரு பழக்கம். ஓடிக்கொண்டிருக்கும் ஆம்ப்ளிஃபயரை வெளிச்சத்துக்குத் திருப்ப, மொட்டைக் கண்டென்சரை ஒரு கையால் பிடித்து, சேசிஸின் விளிம்பை மறு கையால் தள்ளுவார். அன்றும் சட்டையைப் பார்த்து, அதை நம்பி, மற்றதைப் பிடித்திருக்கிறார்.

“மாத்தி மாட்டினவனுக்கு அந்தச் சட்டையோட அர்த்தம் தெரிஞ்சிருக்கணும்” என்றார் இன்ஸ்பெக்டர். “மெக்கானிக் இதுவரைக்கும் கட்டின எதுலயும் டபுளர் போட்டதில்ல. இதுதான் முதல். அர்த்தம் தெரிஞ்சது ரெண்டே பேருக்கு, அதுல ஒருத்தர் போயிட்டார். இதுக்கு மேல என்ன வேணும்?”

வேண்டியதும் இருந்தது. டபுளர் கூடவே கூடாது என்று மெக்கானிக் ஒற்றைக் காலில் நின்றிருக்கிறார். தம்பியும் விடவில்லை, கடைசியில் டபுளரைப் போட்டே விட்டான். சாவுக்கு முந்தின நாள் நடந்த சண்டையில், “உங்களுக்கெல்லாம் பட்டாத்தான் மாமா புரியும்” என்று அவன் கத்தியது கீழ் வீடு வரை கேட்டிருக்கிறது. கோபத்தில் எல்லாரும் சொல்கிற வார்த்தைதான். ஆனால் மறுநாளே மாமாவின் கை பட்டு, உயிர் போனதால் அந்த வார்த்தைக்குக் கொம்பு முளைத்துவிட்டது.

அந்தக் காலையைப் பற்றி அக்கா என்ன சொன்னாள் என்று பாஸ் கேட்டார். பட்டாசு நினைவிலிருந்து எடுத்துச் சொன்னாள். அன்று மதியம் ஆம்ப்ளிஃபயர் வாங்குகிற ஆள் கைக்குப் போக வேண்டியது. காலையில் அக்கா மாடிக்கு வந்து கூட்டிப் பெருக்கியிருக்கிறாள். பட்டறைச் சாமானின் உள்ளே எதையும் அவள் தொட்டதே இல்லையாம், வெளியே துடைப்பதோடு சரியாம். அவள் கீழே இறங்கிய பிறகுதான் மெக்கானிக் வந்து ஸ்விட்சைப் போட்டிருக்கிறார். தம்பி கடைத்தெருவிலிருந்து திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. திரும்பினானா, இல்லை போகவே இல்லையா என்பதுதான் போலீஸின் சந்தேகம்.

“உன் கைப்பையில முகம் பார்க்குற கண்ணாடி இருக்குமே?” என்றார் பாஸ்.

“இருக்கு. ஆனா அது உண்மையைத்தான் காட்டும். அப்புறம் வருத்தப்படக் கூடாது.”

பாஸ் கண்ணாடியைச் சுவருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் நுழைத்துப் பிடித்தார். சட்டையின் பின்பக்கம் தெரிந்தது. மேல் விளிம்பில், அரைவட்டமாக, கத்திரிக்கோலால் கவனமாக வெட்டிய ஒரு வெட்டு. பிறகு அதன் அடியைப் பார்த்தார். கண்டென்சரைச் சேசிஸோடு இறுக்கிப் பிடிக்கும் பட்டையில் ஒரு ஸ்க்ரூ துருத்திக்கொண்டிருந்தது. சட்டை அதன் தலையில் இடித்துக்கொண்டு, முழுதாக உட்காராமல், பின்பக்கம் கொஞ்சம் தூக்கலாக நின்றது. பாஸ் அதை இரண்டு விரலால் உருவினார். உள்பக்கமும் வெள்ளை வெள்ளையாகப் பேஸ்ட் அப்பியிருந்தது. எப்படி இருந்ததோ அப்படியே திரும்ப மாட்டினார்.

“பேஸ்ட் காயறதுக்கு முன்னாடியே சட்டையை மாட்டியிருக்காங்க. துடைச்சவங்களும் மாட்டினவங்களும் ஒரே ஆள்” என்றார்.

“அதாவது தம்பி” என்றார் இன்ஸ்பெக்டர்.

“வாங்க, அவனையே கேட்போம்.”

லாக்கப்பில் தம்பி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். முப்பது வயது இருக்கும். விரல் நுனிகளில் வயர்களைப் பற்றவைக்கும் சாலிடரிங் சூடு பட்டுப் பட்டுக் காய்த்துப் போயிருந்தது. பாஸ் கம்பிக்கு வெளியே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். இன்ஸ்பெக்டர் கதவில் சாய்ந்து நின்றார். உன் அக்கா அனுப்பித்தான் வந்திருக்கிறோம் என்று பட்டாசு சொன்னதும் அவன் திரும்பினான்.

“அக்கா சாப்பிட்டாளா?”

ஏதோ கொஞ்சம் என்று பட்டாசு சொன்னாள். அவன் தலையை ஆட்டிக்கொண்டான். பிறகு, யாரும் எதிர்பார்க்காதபோது, தெளிவாகச் சொன்னான்.

“நான்தான் மாத்தினேன். எழுதிக்குங்க. இனிமே அக்காவை யாரும் போய்த் தொந்தரவு பண்ணாதீங்க.”

இன்ஸ்பெக்டர் முகத்தில் வெற்றி தெரிந்தது. இதை எப்படி அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்வது என்று பட்டாசு அப்போதே வார்த்தை தேட ஆரம்பித்துவிட்டாள். ஆனால் பாஸ் அசையவில்லை. டீக்கடையில் வழி கேட்பவர் மாதிரி சாவகாசமாக, எப்படி மாற்றினாய் என்று கேட்டார்.

“கழட்டினேன். பக்கத்துல இருக்கிறதுல மாட்டினேன்.”

“உங்க மாமா கண்ணுல ஒண்ணும் படலையே. அவ்வளவு சுத்தமாவா மாட்டினே?”

“அதெல்லாம் சரியாத்தான் மாட்டினேன். நான் வெட்டின அட்டை. அடியில ஸ்க்ரூவுக்குன்னு வெட்டு விட்டிருக்கேன். அந்த வெட்டு ஸ்க்ரூ மேல சரியா உட்கார்ந்தாத்தான் சட்டை முழுசா இறங்கும். இறக்கி உட்கார வெச்சேன். யாருக்கும் வித்தியாசம் தெரியாது.”

பாஸ் பெருமூச்சு விட்டார். “அது தலைகீழா நிக்குது தம்பி. வெட்டு மேல இருக்கு.”

தம்பி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

“ஒருத்தரை ஏமாத்திக் கொல்லணும்னு மாட்டினவன் தலைகீழாவா மாட்டுவான்?” பாஸ் இப்போது இன்ஸ்பெக்டரைப் பார்த்துப் பேசினார். “அர்த்தம் தெரிஞ்சவனுக்குத்தான் அது ஆயுதம்னு சொன்னீங்க. ஆனா மாட்டினவங்களுக்கு எது தலை, எது கால்னே தெரியல. எந்தக் கண்டென்சர்ங்கறதும் தெரியல. அழுக்கா இருக்கேன்னு கழட்டியிருக்காங்க. துடைச்சிருக்காங்க. திரும்ப மாட்டியிருக்காங்க. அவ்வளவுதான்.”

தம்பி கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். பாஸிடம் அவன் பேசவில்லை. பட்டாசைப் பார்த்துத்தான் பேசினான், கெஞ்சினான். அக்காவுக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்றான். அறைக்குள் நுழைந்ததும் பேஸ்ட் வாசனை வந்ததாம், சட்டை மாறியிருப்பதைப் பார்த்தானாம், அந்த நிமிஷமே புரிந்துவிட்டதாம். “அவளுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டா. உயிரை விட்டுருவா. நான் உள்ள கிடந்தா என்ன, என்னிக்காவது வெளியே வருவேன்” என்றான். சொல்லிவிட்டு அந்த வளர்ந்த ஆள் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதான்.

அப்போதுதான் பட்டாசுக்கு அந்த வார்த்தை உறைத்தது. வெளியே துடைப்பதோடு சரி. அக்கா வெளியே என்றதை, ஆம்ப்ளிஃபயரை மூடுகிற மரப்பெட்டியின் வெளிப்புறம் என்றுதான் பட்டாசு நினைத்திருந்தாள். கண்டென்சர்கள் நிற்பதும் சேசிஸுக்கு வெளியேதான், அதன் முதுகு மேல். அக்கா ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது ஜீப்பின் பின் சீட்டில் பட்டாசு பாஸோடு மல்லுக்கட்டினாள். மெக்கானிக்கே கவனக்குறைவாக மாற்றிக்கொண்டார் என்று முடித்துவிடலாமே, செத்தவர் வந்து மறுக்கப் போகிறாரா என்றாள். முன் சீட்டிலிருந்து இன்ஸ்பெக்டர் திரும்பி, அந்தக் கதையைக் கோர்ட் நம்பாது, அக்காவின் வாக்குமூலம் இல்லாமல் தம்பியை விட முடியாது என்றார். இவன் வேறு கொலையை ஒப்புக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பட்டாசு வெளியே பார்த்தாள். கொலைகாரன் ஒருவனைப் பிடித்துக் கொடுத்திருந்தால் இதைவிட லேசாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அவளுக்கு இந்த வேலை மேலேயே வெறுப்பு வந்தது.

பட்டறையில் அக்கா அவர்களுக்காகக் காத்திருந்தாள். பாஸ் சுற்றி வளைக்கவில்லை. அன்று காலை வெளியே துடைத்ததாகச் சொன்னீர்களே, எதையெல்லாம் துடைத்தீர்கள் என்று கேட்டார்.

“எல்லாத்தையும்தான். ஆள் கைக்குப் போற சாமானாச்சே. அழுக்கோட போனா இவர் வேலைக்குத்தானே கெட்ட பேரு? அன்னிக்குப் பேஸ்ட் போட்டுத் தேய்ச்சேன், இதோ இப்படித்தான்” என்று சொன்ன அக்கா, பட்டாசு தடுப்பதற்குள் மேஜையருகே போய்விட்டாள். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டாள். டிரான்ஸ்ஃபார்மரின் மூடியைத் துடைத்துக் காட்டினாள். வால்வுகளின் அடியைத் துடைத்துக் காட்டினாள். பிறகு சட்டையைச் சர்ரென்று மேலே உருவி மேஜையில் வைத்துவிட்டு, இரண்டு கண்டென்சர்களையும் தேய்த்தாள். அந்தக் கையில் பழக்கம் இருந்தது, பிரியம் இருந்தது. வேலை முடிந்ததும் சட்டையை எடுத்தாள்.

கை நடுவில் நின்றது. இந்தக் கண்டென்சருக்கும் அந்தக் கண்டென்சருக்கும் நடுவில், சட்டையோடு.

“இது எதுல இருந்துச்சு?” என்று கேட்டாள். “இப்பதான் எடுத்தேன், மறந்து போச்சு பாருங்க. ரெண்டும் ஒண்ணு போலத்தானே இருக்கு. எதுல மாட்டினா என்ன?”

அவள் திரும்பி மூன்று முகங்களையும் பார்த்தாள்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். பாஸ் தொண்டையைச் செருமினார். அவர் நல்ல வார்த்தையாகத் தேடுகிறார் என்று பட்டாசுக்குத் தெரிந்தது. நல்ல வார்த்தை எதுவும் இல்லை என்றும் தெரிந்தது. அவள் போய் அக்காவின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, அதுல ஒண்ணு ஷாக் அடிக்கும். அதுக்கு மட்டும்தான் இந்த அட்டை. நீங்க துடைக்கும்போது கரண்ட் இல்ல, அதனால உங்களுக்கு ஒண்ணும் ஆகல. அன்னிக்கு அட்டை மாறிப் போச்சு. உங்க வீட்டுக்காரர் அதைப் பார்த்துட்டு மத்ததைப் பிடிச்சுட்டார். யாரும் கொல்லல அக்கா. தம்பி எதுவும் செய்யல.”

அக்கா கையை விடுவித்துக்கொள்ளவில்லை. முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போனது. பட்டாசு அந்த முகத்தைப் பார்க்க முடியாமல், ஆனால் பார்க்காமல் இருப்பது தப்பு என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“அவனுக்குத் தெரியுமா?”

“தெரியும். அதனாலதான் வாயைத் திறக்கல. இன்னிக்கு நான்தான் செஞ்சேன்னே சொல்லிட்டான்.”

எல்லாரும் அழுகையை எதிர்பார்த்தார்கள். வந்தது கோபம். சத்தமில்லாத, நடுங்குகிற கோபம்.

“ரெண்டு பேரும் இதை வெச்சு மாசக்கணக்கா சண்டை போட்டாங்க. நான் டீ கொண்டு வந்து வெச்சா பேச்சை நிறுத்திக்குவாங்க. உனக்கு இதெல்லாம் புரியாது, நீ போன்னுவாங்க. இதைத் தொட்டா ஆள் போயிடும்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லல. நான்தானே தினமும் துடைக்கிறவ?” அவளுக்கு மூச்சு வாங்கியது. “இப்பவும் எங்கிட்ட சொல்லாமலே ஜெயிலுக்குப் போறானாம். என்னைக் காப்பாத்துறானாம்.”

ஜீப் கீழே தயாராக இருக்கிறது, ஸ்டேஷனில் ஒரு வாக்குமூலம் கொடுத்தால் போதும், இன்றைக்கே தம்பியை அழைத்து வந்துவிடலாம் என்று இன்ஸ்பெக்டர் மெல்லச் சொன்னார். அக்கா நகரவில்லை. ஸ்டூலை இழுத்துப் பட்டாசின் முன்னால் போட்டாள். தான் தரையில், மெக்கானிக் விழுந்து கிடந்த இடத்தில், கையில் அட்டையோடு உட்கார்ந்தாள்.

“உட்காருங்க. இது எப்படி ஆளைக் கொல்லுதுன்னு எனக்குச் சொல்லுங்க. ஒண்ணு விடாம, எனக்குப் புரியற வரைக்கும் சொல்லுங்க. அப்புறம் போய் அவனைக் கூட்டிட்டு வரலாம்.”

பட்டாசு உட்கார்ந்தாள். இன்ஸ்பெக்டரிடம் கேட்டதையெல்லாம் மனதுக்குள் ஒருமுறை அடுக்கிக்கொண்டு, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.